செவ்வாயில் பள்ளம், பாலிகஞ்சில் மேடு

1

ஒரு படத்தைப் பார்த்ததும் அதில் இருப்பது பள்ளமா மேடா என்று உங்களால் சொல்லிவிட முடியுமா?

அவசரப்பட்டு முடியும் என்று சொல்லாதீர்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செவ்வாய் கிரகத்தில் இருக்கும் ஒரு பள்ளத்தைப் பற்றி, மனிதர்களே இல்லாத ஒரு கதை எழுதவேண்டும் என்று நினைத்தேன். பெரிய காரணம் எதுவும் கிடையாது. மனிதர்கள் வந்தால் அவர்களைப் பேசவைக்க வேண்டும். கொல்கத்தாவில் என்னோடு தமிழில் பேச ஒரே ஒரு ஆள்தான். வேலை செய்யும் இடத்தில் இந்தி, கடையில் உடைந்த பெங்காலி, போனில் அம்மாவிடம் "சாப்டேன், நல்லாருக்கேன்." இதை வைத்துக்கொண்டு எத்தனை பாத்திரங்களைப் பேசவைப்பது? பள்ளம் என்றால் பேசாது. எனக்குச் சௌகரியம்.

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்:

"பல கோடி வருடங்களுக்கு முன்னால் ஒரு கல் வந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் கல் ஆவியாகிவிட்டது. பள்ளம் மட்டும் மிச்சம். அதற்குப் பிறகு"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மணல் பறந்தது. மறுபடியும் மணல் பறந்தது. கதை நகரவில்லை.

இரண்டாவது தொடக்கம்:

"செவ்வாயில் இருக்கும் சின்னப் பள்ளங்களுக்குப் பூமியில் இருக்கும் சின்ன ஊர்களின் பெயர்களை வைப்பது வழக்கம். அப்படி எங்கள் ஊரின் பெயரையும் ஒரு பள்ளத்துக்கு"

[இதையும் விட்டேன். வழக்கம் உண்மைதான். ஆனால் இப்படிப் போனால் அடுத்த பத்தியில் கண்மாய் வரும், அதற்கடுத்து ஆடு வரும், மூன்றாவது பத்தியில் எனக்கு அழுகை வரும். அந்தக் கதை எனக்கு வேண்டாம்.]

மூன்றாவது தொடக்கத்தை யோசித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினேன். தெருவில் அந்தப் பள்ளத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

2

கட்டிக்கொண்டிருந்தார்கள் என்றால் மூங்கிலால். பூஜைக்கு.

இங்கே துர்கா பூஜை என்றால் வெறும் பந்தல் போட்டால் போதாது. ஒவ்வொரு கிளப்பும் ஒரு 'தீம்' வைக்கும். ஒரு வருடம் கோட்டை, ஒரு வருடம் காடு, ஒரு வருடம் மீன் மார்க்கெட். எங்கள் சந்து பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு டாக்ஸி நுழைந்தால் இன்னொரு டாக்ஸி பின்வாங்க வேண்டும். அந்தச் சந்துக்கும் ஒரு கிளப் உண்டு, அதற்கும் ஒரு தீம் உண்டு. இந்த வருடத் தீம், செவ்வாயில் விண்கல் விழுந்த பள்ளம்.

யோசனை மாதங்கி அக்காவுடையது. என்னோடு தமிழ் பேசும் அந்த ஒரே ஆள் அவர்தான். கீழ்வீடு. பிறந்ததே இங்கே. அவருடைய அப்பா பாங்கில் அதிகாரியாக வந்து இங்கேயே தங்கிவிட்டார். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண்கள் பள்ளியில் பூகோளம் எடுக்கிறார். நான் தண்ணீர் மோட்டார் கம்பெனி ஒன்றின் கரியாஹாட் கிளையில் பழுது பார்க்கிறவன். அவர் வீட்டு மோட்டாரைப் பிரித்துப் போட்ட அன்றுதான் பழக்கம் ஆரம்பித்தது.*

* அவருடைய நிஜப் பெயர் மாதங்கி இல்லை. "நிஜப் பேரை வெச்சே, பேசவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மாதங்கி என்று வைத்ததைக் காட்டினேன். "நன்னாதான் இருக்கு. எனக்கு வெச்ச பேரை விட நன்னா இருக்கு" என்றார்.

இந்தக் கதையில் யாருக்கு என்ன ஆகவேண்டும் என்பதை மறைத்து வைக்கும் கெட்டிக்காரத்தனம் எனக்கு வராது. அதனால் சொல்லிவிடுகிறேன். அக்காவின் தம்பி பட்டாபி சென்னையில் புது ஃப்ளாட் வாங்கி, அதில் ஒரு அறையை அக்காவுக்கென்று ஒதுக்கியிருக்கிறார். கீழ்வீட்டை விற்றுவிட்டு வந்துவிடு என்கிறார். "பூஜா முடிஞ்சு சொல்றேன்" என்று அக்கா தள்ளிப்போட்டிருக்கிறார்.

ஏன் பூஜை முடிந்து?

"இத்தனை வருஷமா இந்தப் பாராவுக்குச் சந்தா குடுக்கறேன்டா மாரி. காய் நறுக்கறேன், கோலம் போடறேன். இன்னிக்கும் நான் மெட்ராஸி தீதிதான். இந்த வருஷம்தான் முதல் தடவையா உன் ஐடியா என்னன்னு கேட்டிருக்கா. பானர்ல பேர் போடறாளாம். பாக்கறேன். என்னைத் தன்னவளா நெனைக்கறாளான்னு ஒரே ஒரு தடவை பாத்துடறேன். இல்லேன்னா, ஆச்சு, பட்டாபி வீடு."

பாரா என்றால் நாம் சொல்லும் தெரு, ஆட்கள், வம்பு எல்லாம் சேர்ந்தது. தீதி என்றால் அக்கா.

ஆகவே மனிதர்கள் வந்துவிட்டார்கள். பள்ளத்தை மட்டும் எழுதலாம் என்று இருந்தவனுக்கு இப்படி ஆனது.

3

[இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் யார் மேல் தப்பு என்று தேடிப் போய்விட்டேன். தப்பு யார் மேலும் இல்லை. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.]

அக்கா ஒரு படம் எடுத்துக்கொடுத்தார். விண்கலம் மேலிருந்து எடுத்தது. சிவப்பு மண், நடுவில் வட்டமாகப் பள்ளம். அதை கரியாஹாட்டில் கலரில் பிரிண்ட் போட்டு, கிளப் செயலாளர் ரொன்ட்டு தாவிடம் கொடுத்தார். ('தா' என்றால் 'அண்ணன்.') ரொன்ட்டு தாவுக்குக் கல்யாண மண்டபங்களுக்கு லைட் போடும் தொழில். அதே வாரம் அக்கா பட்டாபியின் கிரகப்பிரவேசத்துக்குச் சென்னை போய்விட்டார்.

ரொன்ட்டு தா படத்தை கிளப் சுவரில் ஒட்டினார். அந்தப் படத்துக்கு ஏது மேல், ஏது கீழ்? ஆகாயத்திலிருந்து எடுத்த படம். ஏதோ ஒரு பக்கமாக ஒட்டினார். ஒட்டியபோது வெயில் விழும் பக்கம் கீழே வந்துவிட்டது.

நம் கண்ணுக்கு ஒரு பழக்கம் இருக்கிறதாம். வெளிச்சம் எப்போதும் மேலிருந்துதான் வரும் என்று நினைத்துக்கொள்ளும். சூரியன் மேலே, லைட்டு மேலே, அதனால். வெளிச்சம் கீழிருந்து வரும் படத்தைக் காட்டினால் கண் ஏமாந்துபோகும். பள்ளம் மேடாகத் தெரியும். இது அக்கா பிறகு எனக்குச் சொன்னது. அன்று எனக்குத் தெரியாது. கிளப் சுவரில் நான் பார்த்தது ஒரு மேடு. வழவழவென்று, கவிழ்த்துவைத்த வாணலி மாதிரி.

ரொன்ட்டு தாவும் அதைத்தான் பார்த்தார். அக்கா தீமுக்குச் சொன்ன வார்த்தை 'க்ரேட்டர்.' க்ரேட்டர் என்றால் எரிமலை, எரிமலை என்றால் மலை, படத்திலும் மலை. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மேதினிபூரிலிருந்து வந்த பந்தல்காரர்களும் அதைப் பார்த்தார்கள். மூங்கில் ஏறியது. துணி ஏறியது. துணி மேல் சிவப்பு மண் பூச்சு ஏறியது. முதல் மாடி பால்கனி உயரத்துக்கு ஒரு குன்று எழுந்து நின்றது. சுற்றிப் படிக்கட்டு. உச்சியில் துர்கா.

பாராவுக்கு அது பிடித்துப்போயிற்று. மற்ற வருடங்களில் துர்கா பந்தலுக்குள்ளே இருப்பாள், வரிசையில் நின்றால்தான் முகம். இந்த வருடம் எல்லா பால்கனியிலிருந்தும் முகம் தெரிகிறது. எதிர்வீட்டுக்காரர் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கும்பிடுகிறார்.

பானரும் வந்தது. 'மங்கள் கிரகத்தின் க்ரேட்டர்' என்று பெங்காலியில். அதற்குக் கீழே 'சிந்தனை' என்று போட்டு, அக்காவின் பெயர்.

4

அக்கா திருதியை அன்று சாயங்காலம் வந்து இறங்கினார். டாக்ஸி சந்துக்குள் வரமுடியாததால் முனையிலேயே விட்டுவிட்டது. நான் பெட்டியை வாங்கிக்கொள்ளப் போனேன்.

அவர் பெட்டியைக் கொடுக்கவில்லை. குன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாரி. இது என்னடா?"

"பந்தல்க்கா."

"பந்தல்னு தெரியறது. என்ன இது?"

"க்ரேட்டர்."

"க்ரேட்டர் ஏன்டா மேல போறது?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. நான் எழுத நினைத்த பள்ளமும் இந்த க்ரேட்டரும் ஒன்றுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. "மேலதானக்கா போகும்? படத்துல அப்படித்தான இருக்கு?"

அவர் அங்கேயே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து நேராக கிளப்புக்குள் போனார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார்.

"தூர்! இது மேடு."

"ஆமாக்கா."

"நான் குடுத்தப்போ பள்ளமா இருந்ததுடா."

படத்தைப் பிய்த்தெடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது மேடு உள்ளே போய்விட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், தாளை விரலால் தடவிப் பார்த்தேன். மறுபடி திருப்பினார். மேடு. திருப்பினார். பள்ளம். அப்புறம் திருப்பாமலே அது மாற ஆரம்பித்தது. கண்ணைக் கசக்கினால் பள்ளம், சிமிட்டினால் மேடு.

"இப்போ உனக்கு என்ன தெரியறது?"

"பள்ளம்க்கா. இல்ல, இருங்க. மேடு."

"எனக்கும். மானே, எது நிஜம்னு எனக்குத் தெரியும். ஆனா கண்ணு கேக்க மாட்டேங்கறது. வருஷா வருஷம் போர்டுல வரைஞ்சு காட்டறேனேடா இதை!"

('தூர்' என்றால் 'சே', 'மானே' என்றால் 'அதாவது.' அக்கா தமிழில் தடுமாறும்போது பெங்காலி வந்து தாங்கிக்கொள்ளும்.)

அவர் நினைத்து வைத்திருந்தது வேறு. சுற்றி விளிம்பு கட்டி, ஜனங்கள் விளிம்பு வழியாக ஏறி உள்ளே இறங்கிப் போகவேண்டும். அடியில் துர்கா. "எல்லாரும் கீழ எறங்கிப் போய் அவளைப் பாக்கணும்னு நெனச்சேன்" என்றார். பானரைப் பார்த்தார். தன் பெயரைப் படித்தார். சந்தோஷப்படுவதற்கு அவர் முகம் தயாரானது எனக்குத் தெரிந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

[இந்த இடத்தில் ஒரு உவமை எழுதி வைத்திருந்தேன். "அவர் முகம் அந்தப் படத்தைப் போலவே" என்று தொடங்கும். எடுத்துவிட்டேன். நீங்களே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.]

5

மறுநாள் சதுர்த்தி. அதற்கடுத்த நாள் பஞ்சமி மாலை திறப்புவிழா. சதுர்த்தி மத்தியானம் காபி கொடுத்துவிட்டு அக்கா கேட்டார், "நீதான் கதையெல்லாம் எழுதறியே. இதுக்கு ஒரு முடிவு சொல்லு."

போனில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன்.

முடிவு அ: அக்கா ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியவில்லை. பூஜைப் பந்தல் போட்டியில் எங்கள் சந்துக்குப் பரிசு கிடைக்கிறது. மேடையில் அக்காவைக் கூப்பிட்டு மாலை போடுகிறார்கள். அக்கா இங்கேயே இருந்துவிடுகிறார்.

"இந்தச் சந்துக்குப் பரிசா? எந்த லூஸுடா குடுப்பான்? ஜட்ஜ் உள்ள வரதுக்கே வழி கிடையாது."

முடிவு ஆ: பெரிய பள்ளங்களின் நடுவில் ஒரு குன்று இருக்கும், அடிவாங்கிய மண் திரும்ப எழும்பி நிற்பது என்று அக்காவே ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆகவே இரவோடு இரவாகக் குன்றைச் சுற்றி ஒரு விளிம்பு கட்டிவிடுகிறார்கள். மேடு, பள்ளத்தின் நடுக்குன்று ஆகிவிடுகிறது. தப்பும் சரியாகிவிடுகிறது. அக்கா இங்கேயே இருந்துவிடுகிறார்.

இதைப் படித்து அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

"இது கெட்டிக்காரத்தனம்தான். ஆனா நான் குடுத்த படத்துல இருக்கறது சின்னப் பள்ளம்டா. கிண்ணம் மாதிரி. சின்னதுக்கு நடுவுல குன்று வராது. அதுவும் தவிர விளிம்பை எங்க கட்டுவே? எதிர்த்தாப்ல இருக்கற சென் பாபு வீட்டு வாசல்லயா? அவர் சைக்கிளை எங்க வெப்பார்?"

முடிவு இ: மழை. இரவெல்லாம் கொட்டுகிறது. குன்றின் நடுப்பகுதி சரிந்து உள்ளே விழுந்துவிடுகிறது. காலையில் பார்த்தால் அச்சு அசல் பள்ளம். அக்கா இங்கேயே

"மழை உன் கையிலயா இருக்கு?"

"கதைக்குள்ள இருக்குக்கா."

"அப்போ அங்கயே பெய்யட்டும். இங்க அந்தப் பந்தல்காராளுக்குக் கூலி யார் குடுப்பா?"

போனைத் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கியபோது விடவில்லை. இன்னொரு முறை மேலிருந்து கீழே தள்ளிப் படித்தார்.

"ஏன்டா மாரி. எல்லா முடிவுலயும் நான் இங்கயே இருக்கேன்?"

என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. அதை எழுதிப் பார்த்தேன்.

"ஏனென்றால் நீங்கள் போய்விட்டால் நான்"

சரியாக வரவில்லை. "கதைன்னா அப்படித்தான்க்கா" என்று சொல்லி வைத்தேன். அவர் நம்பவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

உங்களிடமாவது சொல்லவேண்டும். இந்தக் கதையை எழுதுகிறவன் நடுவுநிலையானவன் இல்லை. அந்தக் கீழ்வீடு விற்றுப்போனால், காலையில் "மாரி, மோட்டார் போட்டியா?" என்று கேட்கும் குரல் போய்விடும். அதனால் நான் எழுதும் எந்த முடிவையும் நம்பாதீர்கள்.

6

அன்றே விளக்கு வைக்கும் நேரத்துக்கு அக்கா கிளப்புக்குக் கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார். ரொன்ட்டு தா ஏணி மேல் நின்று சீரியல் பல்பு சரிபார்த்துக்கொண்டிருந்தார். பேசியது முழுக்க பெங்காலியில். எனக்குப் புரிந்த வரைக்கும் என் தமிழில் தருகிறேன்.

"ரொன்ட்டு, இறங்கி வா. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க தீதி, காது மேலயும் கேக்கும்."

"இது தப்பு. இது பள்ளமா இருக்கணும். படத்தைத் தலைகீழா ஒட்டிட்டீங்க."

ரொன்ட்டு தா கீழே இறங்கினார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். பல்புக்காரப் பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருடா, மலை உள்ள போகுது! இப்ப பாரு, வெளிய வருது!"

"சிரிக்காதே. என்ன பண்றது சொல்லு."

"என்ன பண்றது? ஒண்ணும் பண்ண வேண்டாம். செவ்வாய்க்குப் போய்ப் பாத்துட்டு வந்து யாரு புகார் குடுக்கப்போறா? ஜனங்களைப் பாருங்க தீதி. எல்லா வீட்லேருந்தும் அம்மா முகம் தெரியுதுன்னு உங்களைத்தான் வாழ்த்தறாங்க. பள்ளம் கட்டியிருந்தா பக்கத்துல போனாத்தான் தெரியும்."

"சரி, மேடு இருக்கட்டும். என் பேரை எடுத்துடு."

சிரிப்பு நின்றது.

"பேரையா?"

"என் ஸ்கூல் பொண்ணுங்க வருவா. பானரைப் படிப்பா. டீச்சர் சொன்னதுன்னு நெனச்சுண்டு பரீட்சையில க்ரேட்டர்னா மேடுன்னு எழுதுவா. நானே தப்புன்னு போடணுமா?"

"பேரை எடுத்தா பாராவுல என்ன பேசுவாங்க? ரொன்ட்டு தீதியை அவமானப்படுத்திட்டான்னு பேசுவாங்க."

"நான்தானே கேக்கறேன்."

"நான் கமிட்டில எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா? இத்தனை வருஷத்துல முதல் தடவையா ஒரு மெட்ராஸி பேரு"

பல்புக்காரப் பையன்கள் வயரைப் பார்த்தார்கள்.

"சொல்லிட்டியே ரொன்ட்டு."

"நான் அப்படிச் சொல்லலை தீதி."

"அப்படித்தான் சொன்னே."

"உங்களுக்காகச் சண்டை போட்டேன்னுதான் சொன்னேன்."

"அதுவும் தெரியறது."

ரெண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது என்று எழுதினால் அது என் வேலை. நான் பார்த்தது, ரொன்ட்டு தா கையில் இருந்த பல்பைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா என்னைப் பார்த்துத் தமிழில், "இதுல எதுடா நிஜம்? அவன் எனக்காகச் சண்டை போட்டதா, அந்த வார்த்தையா?" என்று கேட்டார்.

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியலை."

ரொன்ட்டு தா என்னிடம் கேட்டார், "தீதி என்ன சொல்றாங்க?"

நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்கும் அளவுக்கு எனக்குப் பெங்காலி வராது என்பதும் ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு.

"சரி. நாளைக் காலையில வர்றேன்" என்று சொல்லிவிட்டு ரொன்ட்டு தா ஏணியில் ஏறினார். எதற்கு வருகிறார் என்று சொல்லவில்லை.

7

இங்கே நான் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

முடிவு ஈ என்று எழுதிவிட்டு வெகுநேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் பானரில் இருந்தால் அக்கா தப்புக்குச் சொந்தக்காரி ஆகிறார், பாராவுக்கும் சொந்தக்காரி ஆகிறார். பெயர் போனால் டீச்சராக ஜெயிக்கிறார், ஆனால் அவர் இத்தனை வருஷம் கேட்டது போகிறது. இல்லை, இது நேர்மாறாகவும் இருக்கலாம். பெயரை எடுக்கச் சொல்லிச் சண்டை போடும் உரிமை தன்னவளுக்குத்தானே வரும்? வெளியாள் என்றால் பேசாமல் நன்றி சொல்லிவிட்டுப் போவாள். அப்படியென்றால் அவர் ஏற்கெனவே

இல்லை. நான் மறுபடியும் அவரை இங்கேயே இருக்கவைக்கப் பார்க்கிறேன்.

நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அந்தக் கீழ்வீட்டோடு சம்பந்தம் இல்லை. சுற்றிலும் தமிழ் கேட்கும் ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவராக இருந்தால் இன்னும் நல்லது, நியாயமாக யோசிப்பீர்கள். எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் திருப்பிப் பாருங்கள். என்னிடம் முடிவு இல்லை. மறுநாள் காலையில் நடந்தது மட்டும் இருக்கிறது.

மறுநாள் காலையில் ரொன்ட்டு தா ஒரு வெள்ளைத் துணியும் பசை டப்பாவும் கொண்டுவந்தார். ஏணி ஆடியது. மாதங்கி அக்கா போய் அதைப் பிடித்துக்கொண்டார். ரொன்ட்டு தா மேலே ஏறி பானரில் அக்காவின் பெயர் மேல் துணியை ஒட்டினார். "நேரா இருக்கா தீதி?" என்று கேட்டார். "இடது பக்கம் தூக்கியிருக்கு" என்றார் அக்கா. அப்போது பட்டாபி போன் செய்தார். போன் அக்காவின் பையில் அடித்து அடித்து நின்றது. அவர் எடுக்கவில்லை. இரண்டு கையும் ஏணியில் இருந்தன.